வீடு யாருடையது? மலேயா சென்ற தமிழரும் சீனரும்

"சீனன் போனான், கடை வைத்தான், தமிழன் போனான், கள்ளுக்கடைக்குப் போனான்" என்று ஒரு பேச்சு உண்டு. இங்கே தேநீர்க் கடை விசுப்பலகையிலும் கேட்கலாம். கடல் கடந்து பினாங்கிலும் ஈப்போவிலும் கிள்ளானிலும், தமிழர் வாயாலேயே கேட்கலாம். சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு. "அவன் இரத்தம் அப்படி, நம் தலையெழுத்து இப்படி" என்று ஒரு தீர்ப்பு. சாட்சி இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு மட்டும் உண்டு!

இந்த வழக்கை மறுபடி எடுத்து விசாரிப்போம். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்த மருத்துவர் எவருமில்லை. தலையெழுத்தைப் படித்துக் காட்டிய பண்டிதரும் இல்லை. ஆனால், படிக்கக்கூடிய எழுத்து ஒன்று இருக்கிறது. கப்பல் ஏறுமுன் தமிழ்க் கூலியிடம் கைநாட்டு வாங்கினார்களே, அந்த ஒப்பந்தத் தாளின் எழுத்து! அதைப் படிப்போம். சீனக் கூலியின் கடன் சீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்போம்.

முதலில் வருமான நிலவரம். மலேசிய அரசின் புள்ளிவிவரத் துறை 2019-ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி, சீனக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 9,895 வெள்ளி. இந்தியக் குடும்பத்துக்கு 8,216 வெள்ளி. மலாய்க்காரரும் பிற மண்ணின் மைந்தரும் அடங்கிய பூமிபுத்திரர் குடும்பத்துக்கு 7,093 வெள்ளி. இந்தியர் என்று அங்கே சொன்னால் பெரும்பாலோர் தமிழர்தாம். பார்த்தீர்களா, தமிழன் நடுவில்தானே நிற்கிறான், கடைசியில் இல்லையே, பிறகு என்ன குறை என்று கேட்போரும் உண்டு.

சராசரி என்பது பொல்லாத கணக்கு, தோழர்களே! கோலாலம்பூரில் மாதம் முப்பதாயிரம் வெள்ளி வாங்கும் ஒரு மருத்துவரையும், அந்த மருத்துவமனை வாசலில் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்குக் காவல் நிற்கும் தோட்டத்துப் பிள்ளையையும் கூட்டி, இரண்டால் வகுத்துப் பாருங்கள். இருவருமே வசதிக்காரர் ஆகிவிடுவார்கள்! மலேசிய இந்தியரில் மருத்துவரும் வழக்கறிஞரும் அவர்தம் மக்கள் தொகைக்கு மிஞ்சிய அளவில் இருக்கிறார்கள். அதே இனத்தில்தான் தோட்டத்திலிருந்து பெயர்த்தெறியப்பட்டு, நகரத்தின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. சீனரிலும் ஏழை உண்டு, ஏராளம் உண்டு. ஆனால் அங்கே ஏழைக்கும் செல்வனுக்கும் இடையே படிகள் இருந்தன: பெட்டிக்கடை, பட்டறை, காய்கறிக் கொல்லை, பன்றிப் பண்ணை, பத்து ஏக்கர் ரப்பர். தமிழன் பக்கத்தில் மேல்படி இருக்கிறது, கீழ்ப்படி இருக்கிறது. நடுவில் படியே இல்லை. அந்த நடுப்படிகளை உடைத்தவர் யார் என்பதுதான் நம் விசாரணை.

வருமானம் ஒருபுறம் இருக்கட்டும். சொத்துக் கணக்கைப் பாருங்கள். 1970-இல் மேற்கு மலேசியாவின் கம்பெனிப் பங்குகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வெளிநாட்டார் கையில் இருந்தது. மலாய்க்காரர் கையில் ஏறத்தாழ இரண்டு. சீனர் கையில் கால் பங்கை ஒட்டிய அளவு. இந்தியர் கையில்? ஒன்று! நூறு பேரில் ஏறக்குறைய பத்துப் பேராக இருந்தவர்களுக்கு, நூறு பங்கில் ஒரே பங்கு. 2008-ஆம் ஆண்டுக் கணக்கிலும் அது 1.6-ஐத் தாண்டவில்லை. முக்கால் நூற்றாண்டு அந்த நாட்டை வாழவைத்த பால்மரங்களைச் சீவியது யார் கை? வழிந்த பால் யார் வீட்டு வாளியில் விழுந்தது?

சரி, கப்பல் காலத்துக்குப் போவோம்.

சீனன் ஏதோ பணமூட்டையோடு வந்திறங்கினான் என்று எண்ணாதீர்கள். புக்கியெனிலிருந்தும் குவாங்துங்கிலிருந்தும் பஞ்சத்துக்கும் கலகத்துக்கும் தப்பி வந்தவன் அவன். கப்பல் கூலியைத் தரகன் கொடுப்பான். கரையில் இறங்கியதும் அந்தக் கடனை எவன் தீர்க்கிறானோ அவனிடம் ஆள் அடிமை. இந்த வாணிபத்துக்குச் சீனரே வைத்த பெயர் "பன்றிக்குட்டி வியாபாரம்." லாரூட்டிலும் கிந்தாவிலும் ஈயச் சுரங்கங்களில் மலேரியாவும் பெரிபெரியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகத் தின்றன. சுரங்க முதலாளியே அரிசி விற்றான், அபினும் விற்றான். இரண்டையும் கூலியின் கணக்கில் எழுதினான். அபின் குத்தகையிலிருந்து பிரிட்டிஷ் சர்க்காருக்கு வந்த பணம் எவ்வளவு தெரியுமா? நீரிணைக் குடியேற்றங்களின் மொத்த வருவாயில் பல ஆண்டுகள் பாதியை ஒட்டியது! தமிழன் கள்ளுக் குடித்துக் கெட்டான் என்று சொல்பவர்கள், சீனக் கூலி குடித்த அபின் புகையை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

ஆனால் ஒன்று. சீனக் கூலியின் கடனுக்கு ஒரு முடிவு இருந்தது. செத்தவன் போக, பிழைத்தவன் கடனைத் தீர்த்த மறுநாள் சுதந்தர மனிதன். வேறு சுரங்கத்துக்குப் போகலாம், பட்டணத்துக்குப் போகலாம், காட்டோரத்தில் கீரை போடலாம். பல சுரங்கங்களில் கிடைக்கும் ஈயத்தில் பங்கு என்ற ஏற்பாடும் இருந்தது. ஈயம் கிடைக்காவிட்டால் பட்டினி. கிடைத்தால் கையில் நாலு காசு. முதலாளியும் அவன் பேசும் மொழியே பேசுபவன், நேற்றுக் கூலியாக இருந்தவன். யாப் ஆ லோய் என்பவர் பதினேழு வயதில் வெறுங்கையோடு வந்து, 1868-இல் கோலாலம்பூரின் சீனத் தலைவர் ஆனவர். அபின் குத்தகையும் சூதாட்டக் குத்தகையும் அவர் செல்வத்தில் உண்டு. அவரை உத்தமர் என்று சொல்ல நான் வரவில்லை. கீழே கிடந்தவன் மேலே ஏற ஒரு கயிறு தொங்கியது என்பதற்குத்தான் அவர் சாட்சி. பத்தாயிரம் பேர் அந்தக் கயிற்றைப் பிடிக்கப் போய் விழுந்து செத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி, தமிழன்.

தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் வட ஆர்க்காட்டிலும் பண்ணையார் வயலில் சாணிப்பாலும் சவுக்கடியும் கண்டவன். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களும் அவர்களில் பலர். அவனைத் தேர்ந்தெடுத்தார்கள் வெள்ளைத் தோட்டக்காரர்கள். ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? எழுதியே வைத்திருக்கிறார்கள்: தென்னிந்தியன் பணிவானவன், எதிர்த்துப் பேசாதவன், மலிவாகக் கிடைப்பவன்! பண்ணையார் நூற்றாண்டு நூற்றாண்டாக வளைத்து வைத்த முதுகு, துரைக்குத் தயார் நிலையில் கிடைத்தது. அந்தப் பணிவு பிறவிக் குணமன்று, தோழர்களே, சாதி தந்த சீதனம்.

முதலில் சஞ்சிக்கூலி முறை. ஒப்பந்த காலத்தில் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. வேலையை விட்டுப் போவது குற்றம், தோழர்களே, குற்றம்! அது 1910-இல் ஒழிந்தது. சீனரைப் பிணைத்த ஒப்பந்தமும் 1914-இல் ஒழிந்தது. தமிழனுக்கு அடுத்து வந்தது கங்காணி முறை. கங்காணி ஊருக்கு வருவான், கோட்டும் கடிகாரச் சங்கிலியுமாக. தேங்காயும் மாசியும் தூருக்குத் தூர் விளைகிறது என்று கதை அளப்பான். உறவையும் ஊரையும் வளைத்து அழைத்துப் போவான். அவன் அழைத்துப்போன ஆட்கள் ஒவ்வொரு நாளும் வேலைக்கு இறங்கினால், தலைக்கு இத்தனை காசு என்று அவனுக்குக் கிடைக்கும். தலைக்காசு என்றே அதற்குப் பெயர். காய்ச்சல்காரனையும் பாயிலிருந்து எழுப்பியவன் கங்காணி என்றால், காரணம் அந்தக் காசு.

1907-இல் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். தோட்டக்காரர்கள் எல்லாரிடமும் வரி வாங்கி, அதிலிருந்து தமிழ்க் கூலிக்கு இலவசக் கப்பல். பார்த்தால் தருமம், உள்ளே கணக்கு. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம், அங்கிருந்து கப்பல், பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக் காவல், பிறகு தோட்டம். தட்டுப்பாடில்லாமல் ஆள் வந்துகொண்டே இருந்தால் கூலி ஏறுமா? ஏறாது. அதற்குத்தான் இலவசக் கப்பல்! ரப்பர் விலை விழுந்த 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இலட்சத்துக்கு மேற்பட்ட தமிழரை அதே வழியாகத் திருப்பி அனுப்பினார்கள். வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடும் குழாய்த் தண்ணீராக நம் மக்களை நடத்தினார்கள். 1938-இல்தான் இந்திய சர்க்கார் கூலி ஏற்றுமதியைத் தடுத்தது.

கூலியைச் சொல்கிறேன், கேளுங்கள். 1920-களின் இறுதியில் தமிழ் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1932-இல் அது 28 காசும் 24 காசும் ஆயிற்று. அதே ரப்பர்க் காட்டில், சீன ஆளுக்குக் குத்தகை முறையில், வெட்டிய பாலுக்கு இத்தனை என்ற கணக்கில், கூடுதலான கூலி. சீனன் அதிகம் வெட்டினான் என்பது மட்டுமே காரணம் அன்று. கூலி பிடிக்காவிட்டால் சீனன் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவான். ஈயச் சுரங்கம் இருக்கிறது, பட்டணம் இருக்கிறது, சித்தப்பன் கடை இருக்கிறது. தமிழன் எங்கே போவான்? வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். வீடு தோட்டத்துடையது!

இங்கேதான் முடிச்சு. லயம் என்று பெயர். நீளமாக ஒரு கொட்டகை, குறுக்கே சுவர், ஓர் அறைக்கு ஒரு குடும்பம். பள்ளிக்கூடம் தோட்டத்துடையது. ஆயாக் கொட்டகை தோட்டத்துடையது. மருந்து தோட்டத்துடையது. மளிகைக் கடை தோட்டத்தின் அனுமதியோடு. கள்ளுக்கடையும் தோட்டத்துக்கு உள்ளேயே. அதன் இலாபத்திலிருந்துதான் தொழிலாளர் "நலத்துக்கு"ச் செலவு! விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டும். மேலே துரை, நடுவே ஆங்கிலம் படித்த கிராணி, கீழே மண்டோர். ஏற முடிந்த உச்சப்படி மண்டோர் வேலை. அதற்கு மேல் கூரை. பிறந்ததும் அங்கே, மணந்ததும் அங்கே, செத்தால் புதைப்பதும் அங்கே. தோட்டத்துக்கு வெளியே இருந்த மலேயாவை ஆண்டுக்கு ஒருமுறை தைப்பூசத்தன்று கண்டவர்கள் எத்தனையோ பேர்.

இந்தக் கூண்டுக்குள்ளேயும் எழுச்சி எழுந்தது. எதிர்த்துப் பேசாதவன் என்று எழுதி வைத்தார்களே, அவன் 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்து நின்றான். ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற வேலை நிறுத்தம் அது. கேட்டது என்ன? சீனருக்குக் கொடுக்கும் கூலியைத் தமிழருக்கும் கொடு. எங்கள் பெண்களைத் தொடாதே. கள்ளுக்கடையை மூடு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வை. உறவினர் வந்து பார்க்க விடு. இன்னொன்றும் கேட்டார்கள்: துரை எதிரே வந்தாலும், கிராணி எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்! இரண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் உரிமைக்கு ஒரு போராட்டம், தோழர்களே! கள்ளுக்கடையை மூடு என்று கேட்டவனைத்தான் குடிகாரன் என்கிறது தேநீர்க்கடைத் தீர்ப்பு. சர்க்கார் பதில் சொல்லியது துப்பாக்கியால். சிலர் மாண்டனர். நாதனை நாடு கடத்தினர்.

பள்ளிக்கு வருகிறேன். பத்துப் பிள்ளைகளாவது இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். வைத்தார்கள். ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை. வாத்தியார் பல இடங்களில் கிராணி, சில இடங்களில் கங்காணி! நாலெழுத்துக்கு மேல் படித்தால் பால் வெட்ட ஆள் கிடைக்குமா? 1957-இல் மலேயாவில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். எல்லாமே தொடக்கப் பள்ளிகள். தமிழில் ஓர் உயர்நிலைப் பள்ளி இல்லை.

சீனர் என்ன செய்தனர்? சர்க்கார் தரும் என்று காத்திருக்கவில்லை. ஊர்ச் சங்கம், குலச் சங்கம், தொழிற் சங்கம் என்று ஆளுக்கொரு சங்கம், சங்கத்துக்கொரு பள்ளி. ரப்பரிலும் அன்னாசியிலும் செல்வம் சேர்த்த டான் கா கீ, 1919-இல் சிங்கப்பூரில் சீன உயர்நிலைப் பள்ளி கண்டார். 1921-இல் சீனத்தில் அமோய் நகரில் பல்கலைக் கழகமே கண்டார். 1950-களில் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக் கழகம் எழுந்தபோது ஹொக்கியென் சங்கம் 523 ஏக்கர் நிலம் தந்தது. அது பெரிதல்ல. சைக்கிள் ரிக்ஷா மிதித்தவர்கள், ஒரு நாள் முழுதும் மிதித்த பணத்தை அப்படியே கொண்டுபோய்ப் பல்கலைக் கழக நிதியில் கொட்டினார்களே, அதுதான் பெரிது! இன்றும் மலேசியாவில் அறுபது சீனத் தனி உயர்நிலைப் பள்ளிகள், அரசுப் பணம் பெரிதாக இன்றி, சமுதாயப் பணத்தில் நடக்கின்றன.

நம்மிடம் செல்வர் இல்லையா? இருந்தனர். மலேயாவின் ஊர் ஊருக்கும் நகரத்தார் கிட்டங்கி இருந்தது, வட்டிக் கடை இருந்தது, தோட்டங்களும் இருந்தன. வட்டி வந்தது, காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் போயிற்று. தேக்கு மாளிகையாக எழுந்தது. அதே நகரத்தார் குலத்து அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் பல்கலைக் கழகம் கண்டார், நன்றி சொல்வோம். அது சிதம்பரத்தில் எழுந்தது, சிரம்பானில் அல்ல. பால் வெட்டியவனும் வட்டி வாங்கியவனும் ஒரே மொழி பேசினார்கள். ஆனால் ஒருவன் கூரை மற்றவன் கூரையோடு எங்குமே ஒட்டவில்லை. சீனச் செல்வனுக்குத் தன் கூலியே தன் வாடிக்கைக்காரன், தன் சங்கத்தின் உறுப்பினன். தமிழ்ச் செல்வனுக்குத் தோட்டத் தமிழன் யாரோ ஒருவன். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

போர்க் காலம் இருவரையும் நசுக்கியது. 1942-இல் சிங்கப்பூரில் ஜப்பானியர் சீன ஆண்களைப் பொறுக்கியெடுத்துக் கடற்கரையில் சுட்டுக் கொன்றார்கள். தமிழரைத் தோட்டந் தோட்டமாக அள்ளிச் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. யார் பட்ட துன்பம் பெரிது என்று தராசு பிடிக்க வேண்டாம்.

போருக்குப் பின் நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் நடுநாயகம். காட்டில் கம்யூனிஸ்டுகளின் போர். அவர்களுக்குச் சோறு போகாமல் தடுக்க 1950-இல் பிரிக்ஸ் என்ற தளபதி ஒரு திட்டம் போட்டார். காட்டோரம் குடிசை போட்டிருந்த ஐந்து இலட்சம் பேரை, பெரும்பாலும் சீனரை, லாரியில் ஏற்றி, முள்வேலி சூழ்ந்த "புதுக் கிராமங்களில்" அடைத்தார்கள். குடிசைகளைக் கொளுத்தினார்கள். ஊரடங்கு, சோதனை, அரிசிக்கு அளவு. கொடுமைதான், சந்தேகமில்லை. ஆனால், வேலிக்குள்ளே ஆளுக்கொரு மனைக்கட்டு அளந்து கொடுத்தார்கள். முதலில் தற்காலிக உரிமம். பின்னர் பலருக்கு நீண்ட காலக் குத்தகைப் பட்டா. சாலை வந்தது, விளக்கு வந்தது, பள்ளி வந்தது. 1952 முதல் பல கிராமங்களில் தேர்தல் வைத்து உள்ளூர் மன்றம் வந்தது. 1960-இல் அவசர நிலை முடிந்து முள்வேலியை அவிழ்த்தபோது, உள்ளே ஒரு சிற்றூர் இருந்தது. ஒவ்வொரு மனைக்கும் ஒரு பெயர் இருந்தது. அந்த மனையில் தையற்கடை வைத்தான், சைக்கிள் கடை வைத்தான், மகனுக்கு எழுதி வைத்தான்.

லயத்துக்கு முள்வேலி போடவும் தயங்கவில்லை; அந்நாளில் தோட்டத் தொழிலாளரையும் வேலிக்குள் சேர்த்து வைத்தார்கள். வேலியை அவிழ்த்த பிறகு லயம் யாருக்கு? முன்போலவே கம்பெனிக்கு! சுதந்தரம் வந்த பின் அரசு கிராமங்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் கொண்டுபோனது. தோட்டம் தனியார் நிலம் என்று சொல்லி வாசலோடு நின்றுவிட்டது. தோட்டத் தொழிலாளி கம்பெனிக்குக் குடிமகன், நாட்டுக்கு அல்ல என்பது போல!

குடிமகன் என்றதும் நினைவு வருகிறது. 1957 ஆகஸ்டு 31-க்குப் பின் அங்கே பிறந்தவருக்குக் குடியுரிமை தானாக வந்தது. முன்பே பிறந்தவர் விண்ணப்பிக்க வேண்டும். முதல் ஓராண்டுக்கு அங்கே பிறந்தவருக்கு மலாய் மொழித் தேர்வும் இல்லை. சீனர் சங்கங்கள் மேசை போட்டு இலட்சக்கணக்கில் பதிவு செய்தன. தமிழரிடம் போய்ச் சொல்ல ஆட்கள் சிலர்தாம். சிங்கப்பூரில் "தமிழ் முரசு" ஆசிரியர் கோ. சாரங்கபாணி, பதிவு செய்யுங்கள் பதிவு செய்யுங்கள் என்று ஓயாமல் பாடுபட்டார். ஆனால் உள்நாட்டுத் தோட்டத்தில் பிறப்புச் சான்று எங்கே, படிக்கத் தெரிந்தவன் எங்கே, கூலியை விட்டுப் பட்டணம் போக ஒரு நாள் எங்கே? 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டத்தை இறுக்கினார்கள். பல்லாயிரம் தமிழர், பிறந்து வளர்ந்த காட்டை விட்டு, கண்ணால் காணாத "தாயகத்துக்கு"க் கப்பலேறினர். எஞ்சியவரில் சிலர் கையில் சிவப்பு அடையாள அட்டை. பேரன் எடுத்த பின்னும் அந்நியர்!

அதே காலத்தில் வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டு ஊருக்குப் புறப்பட்டன. வாங்கிய தரகர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டுக்கு லயமும் வேண்டாம், ஆயாக் கொட்டகையும் வேண்டாம், தொழிலாளியும் வேண்டாம். அப்போதுதான் ஒரு நல்ல காரியம் நடந்தது. அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டார். மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளரிடம் சேர்த்தார்கள். பத்து வெள்ளியாகச் சேர்ந்த பணம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. அச்சங்கம் இன்றும் இருக்கிறது. சீனன் ரிக்ஷா மிதித்துப் பல்கலைக் கழகம் கட்டினான் என்றால், தமிழன் பால் வெட்டிய காசில் துரையின் தோட்டத்தையே வாங்கினான்! சேமிக்கத் தெரியாத சாதி என்று எவனாவது சொன்னால், இந்தச் சங்கத்தின் கதவைக் காட்டுங்கள். 1982-இல் தொடங்கிய மைக்கா நிறுவனத்திலும் பல்லாயிரம் ஏழைகள் நகையை அடகு வைத்துப் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். அந்தப் பணம் எதிர்பார்த்தபடி வளரவில்லை. பணம் போட்டவன் மேல் குற்றம் இல்லை.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீட்டு மனை வந்தது, கோல்ப் மைதானம் வந்தது, நெடுஞ்சாலை வந்தது. 1980 முதல் இருபது ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டோர் மூன்று இலட்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். மலேசியாவின் நிருவாகத் தலைநகர் புத்ராஜெயாவைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஏரி, பாலம், பளிங்கு மாளிகை. அந்த நிலத்தில் பெராங் பெசார், மேடிங்லி, காலவே, செட்ஜ்லி என்ற தோட்டங்கள் இருந்தன. அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களை டெங்கிலில் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் ஒரு முருங்கையும் இரண்டு ஆடும் கோழியும் இருந்தன. நாலாம் மாடியில் ஆடு எங்கே கட்டுவது? பால் வெட்டத் தெரிந்த கைக்கு நகரத்தில் என்ன வேலை? தகப்பன் காவலாளி ஆனான், தாய் கழிப்பறை கழுவினாள், பிள்ளைகளில் சிலரைக் குண்டர் கும்பல் கொண்டுபோயிற்று. அதையும் எடுத்துக்கொண்டு ஓடிவருகிறார்கள், "பார், தமிழன் குணம்" என்று! புதுக் கிராமத்துச் சீனனையும் பட்டா இல்லாமல் ஒரு நாள் காலையில் லாரியேற்றி நாலாம் மாடியில் விட்டிருந்தால், அவன் குணம் என்னவாகியிருக்கும்?

2007 நவம்பர் 25 அன்று பல்லாயிரம் தமிழர் கோலாலம்பூர் வீதியில் இறங்கினார்கள். கண்ணீர்ப் புகையும் இரசாயனத் தண்ணீரும் பாய்ந்தன. அன்று தெருவில் நின்றவர்களில் மருத்துவர் உண்டு, வழக்கறிஞர் உண்டு. பெருங்கூட்டம், தோட்டம் இழந்த வீட்டுப் பிள்ளைகள்.

இன்று அந்தச் செம்பனைக் காடுகளில் குலை வெட்டுவது யார் என்று போய்ப் பாருங்கள். தமிழரைக் காண்பது அரிது. இந்தோனேசியாக்காரன் இருக்கிறான், வங்கதேசத்துக்காரன் இருக்கிறான், நேபாளத்துக்காரன் இருக்கிறான். ஊரில் தரகனுக்குக் கடன் பட்டு வந்தவன். 2020-இல் அமெரிக்க அரசு, கட்டாய உழைப்பு நடக்கிறது என்ற ஐயத்தின் பேரில், மலேசியாவின் இரு பெரிய செம்பனைக் கம்பெனிகளின் எண்ணெயைத் துறைமுகத்திலேயே நிறுத்தியது. தொழிலாளியின் கடவுச் சீட்டைக் கம்பெனி பூட்டி வைப்பது அந்த ஐயங்களில் ஒன்று. அவன் படுத்திருக்கும் அறையைக் கேட்டேன் என்று வையுங்கள், யாருடையது என்று. கம்பெனியுடையது என்பான்.